நடுவில் இருந்த பழைய வரி

கிளிநொச்சியில் இருந்துகொண்டு நெல் ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்கிறோம். இங்கே சிலர், வவுனியாவில் ஒருவர், மாங்குளத்தில் வீட்டிலிருந்தபடி இன்னொருவர். காலபோக அறுவடை தொடங்கினால் எல்லா ஆலையும் ஒரே நேரத்தில் திருத்தம் கேட்கும். எல்லோருடைய கையும் ஒரே கோப்பில் போய் விழும். அப்புறம், எல்லோருடைய மாற்றங்களையும் ஒன்றுசேர்க்கும் கிட்டில் (Git) மேர்ஜ் கொன்ஃபிளிக்ட், அதாவது ஒரே வரியில் இருவர் செய்த மாற்றங்களைத் தானாக இணைக்க முடியாத மோதல், வராமல் இருக்குமா?

போன அறுவடையில் சிக்கியது நிகர எடையைக் கணக்கிடும் ஒரேயொரு வரி. மொத்த எடை என்று மட்டும் இருந்ததில், வவுனியாத் தம்பி சாக்கின் எடையைக் கழித்திருந்தார். இங்குள்ள தங்கச்சி, ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டினால் கழிவு போடும்படி மாற்றியிருந்தார். இரண்டு பக்கத்தை மட்டும் காட்டும் கருவியில் பார்த்தால், விதானையாரிடம் வந்த எல்லைத் தகராறு மாதிரித்தான் தெரியும். ஒருவருடையதைத் தெரிவுசெய்தால் மற்றவருடைய கழிவு சத்தமில்லாமல் காணாமல் போகும்.

கேடிஃப்3 (KDiff3) என்ற ஒப்பீட்டுக் கருவியில் மேலே மூன்று பெட்டிகள். முதலாவதில் இருவரும் கைவைக்க முன்பிருந்த வரி, மற்ற இரண்டில் அவரவர் மாற்றம், கீழே விளைவு. பழைய வரி கண்ணில் பட்டதுமே யார் எதைச் சேர்த்தார் என்பது விளங்கிவிட்டது. சரி, இரண்டு கழிவும் வேண்டும். எது முதலில்? ஈரக் கழிவை முதலில் போட்டால் சாக்குக்கும் சேர்த்துக் கழிவு விழும். அதை எந்தக் கருவியும் சொல்லாது. ஆலைக்காரருக்குப் போன் எடுத்துக் கேட்டோம். சாக்குத்தான் முதல் என்றார்.

கருவியைத் திறக்கப் பஞ்சியாக இருந்தால், கிட் மோதலைக் காட்டும் விதத்தைத் தீர்மானிக்கும் கொன்ஃபிளிக்ட்ஸ்டைல் (conflictStyle) அமைப்பை டிஃப்3 (diff3) என்று மாற்றிவிடலாம். பழைய வரி கோப்பினுள்ளேயே வந்துவிடும். கோப்பு முழுக்கச் சிவப்பாகத் தெரிந்தால் பதற வேண்டாம், அநேகமாக வரி முடிவதைக் குறிக்கும் கண்ணுக்குத் தெரியாத குறியில் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் உள்ள வேறுபாடுதான். ரீபேஸ் செய்யும்போது, அதாவது நம் மாற்றங்களை மற்றவருடையதன் மேல் மறுபடி அடுக்கும்போது மட்டும், கிட் காட்டும் ‘நம்முடையது’ (ours), ‘அவர்களுடையது’ (theirs) இரண்டும் இடம் மாறிவிடும். இப்படி ஏன் வைத்தார்களோ!

எனக்கு உண்மையில் பயம், கொன்ஃபிளிக்டே வராத மேர்ஜில். ஒருவர் ஒரு ஃபங்ஷனின் (பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடும் நிரல் துண்டின்) பெயரை மாற்றியிருப்பார், இன்னொருவர் வேறொரு கோப்பில் பழைய பெயரால் அதைக் கூப்பிட்டிருப்பார். வரிகள் மோதாததால் கிட் ஒன்றும் சொல்லாது. அதனால் மேர்ஜ் முடிந்ததும் பழைய பற்றுச்சீட்டுகள் சிலவற்றை மறுபடி ஓட்டி, தொகை பழையபடி வருகிறதா என்று பார்த்துத்தான் ஆலைகளுக்கு அனுப்புகிறோம்.