ஐந்து டாலர் சம்பளமும் வீட்டுச் சோதனையும்

1914 ஜனவரியில் அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு தன் தொழிலாளர்களுக்கு நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்ததைப் பெரிய மனசு என்று இன்றும் சிலர் புகழ்கிறார்கள். முந்தைய வருஷம் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சலிப்பு தாங்காமல் ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அதுதான் காரணம்.

அந்த 5 டாலரில் ஏறக்குறைய பாதி, லாபப் பங்கு. அது கிடைக்க வேண்டுமென்றால் கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்து பார்ப்பார். குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீடு சுத்தமா? மாமியாரே தேவலை!

அப்புறம் 1919இல் ஃபோர்டின் போட்டிக் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ், கார் கடனுக்கென்றே தனிக் கம்பெனி தொடங்கியது. காசு சேர்த்துப் பொருள் வாங்கிய அமெரிக்கர்கள், முதலில் வாங்கிவிட்டு மாதாமாதம் தவணை கட்டப் பழகினார்கள். ஃபோர்டுக்கு இந்தக் கடன் வியாபாரம் பிடிக்கவே இல்லை. ஆனால் 1928இல் அவர் கம்பெனியும் அதே கடன் வியாபாரத்தைத் தொடங்கிவிட்டது.