லாபியில் பதிந்த கால்

"சார், ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துடட்டுமா?"

போன சித்திரையில், திருவிழாக் கபடி முடிந்த ராத்திரி, கோட்டோரம் நின்று தீர்ப்புச் சொன்ன அந்தத் தம்பி என்னிடம் கேட்டது இவ்வளவுதான். "விடுப்பா" என்றேன்.

அவன் தீர்ப்பில் தப்பில்லை. பாடிப் போகிற ரெய்டர், எதிரணியில் யாரையும் தொடாமல், ஆடுகளத்தின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற லாபிப் பட்டையில் கால் வைத்தால் அவுட். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் பெருவிரல் பதிந்திருந்ததை நானும் பார்த்தேன். ஆட்டம் முடிந்ததும் நாலு பேர் அவன் காலரைப் பிடித்தார்கள். அதைக்கூடத் தாங்கலாம். ஒருத்தன் மட்டும் சத்தமே போடாமல், "மன்னார்குடிக்கு எங்க ஊரைத் தாண்டித்தானே போவணும்" என்றான்.

சட்டம் இல்லாமல் இல்லை. மிரட்டலுக்கு முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 506-வது பிரிவு. 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 351. அது எல்லாருக்கும் பொது. ஆஸ்பத்திரியில் டாக்டர், நர்ஸ் மேல் கை வைத்தால் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அரசு ஊழியரைப் பணியில் தாக்கினால் அதே சன்ஹிதாவில் 132. நான் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். ஆனால் கோயில் திடலில் ஊதுகிற விசில் அரசுப் பணியில் சேராது. அந்தத் தம்பிக்கு அந்தப் பேச்சே கிடையாது. ஒரு ராத்திரிக்குச் சாப்பாடும் பெட்ரோல் காசும் வாங்கிக்கொண்டு வந்த பையன்.

தினமும் அந்த ஊர் வழியாகத்தான் வேலைக்குப் போகிறான், வழக்கென்று போனால் யார் துணைக்கு வருவது என்று நினைத்துத்தான் தடுத்தேன். இன்றைக்கும் அது சரியென்றுதான் படுகிறது. அப்புறம், அந்த ஊர்ப் பிள்ளைகள் என் பள்ளியில் படிப்பதும் அந்த நேரம் மனசில் ஓடியது. எது முதலில் ஓடியது என்று எத்தனை தடவை யோசித்தாலும் பிடிபடவில்லை.

மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் வந்து வருத்தம் தெரிவித்தார்கள். சால்வையை என் தோளில் போட்டார்கள். பட்டன் அறுந்த அதே சட்டையோடு அவன் பக்கத்தில் நின்றான். அவனுக்குப் போடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆடியில் இன்னொரு ஊரில் ஆட்டம். நான் நடுவர், அவன் கோட்டோரம். ரெய்டரின் கால் லாபிக்குள் முழுசாக இறங்கியது. அவன் அதைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். கையைத் தூக்கவில்லை.