நாலு ஆஸ்கர், நாலுலயும் மெட்டு வேறொருத்தரோடது

ஆந்த்ரே ப்ரெவின்னு சொன்னா நம்மாளுங்கள்ல முக்காவாசி பேருக்கு யாருன்னே தெரியாது. ரவிஷங்கர் ரசிகர்களுக்கு வேணா தெரிஞ்சிருக்கும், 1971ல அவரோட முதல் சித்தார் கான்செர்ட்டோவ (ஒரு வாத்தியம் முன்னால நிக்க, மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் கூட வாசிக்கிற இசை) லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா வாசிச்சப்ப முன்னாடி நின்னு கண்டக்ட் பண்ணினவர், அதாவது கையசைச்சு ஆர்க்கெஸ்ட்ராவ நடத்தினவர் இவர்தான்.

பொறந்தது 1929ல பெர்லின்ல, யூதக் குடும்பம், நாஜிக்காரங்க தொல்லை தாங்காம 1938ல பாரிஸுக்குப் போய் அங்கேர்ந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்துட்டாங்க. பையன் டீன் ஏஜ்லயே எம்ஜிஎம்ங்கற ஹாலிவுட் சினிமா ஸ்டுடியோல இசை வேலைக்குப் போயாச்சு. பின்னாடி விமர்சகர்கள் எல்லாம் "அவர் ஹாலிவுட் ஆளுப்பா"ன்னு மட்டம் தட்டினது இதை வச்சுதான். எனக்கென்னவோ அந்த ஸ்டுடியோ மாதிரி ஒரு காலேஜ் வேற எங்கயும் கிடைச்சிருக்காதுன்னு தோணுது, எழுதினதை கையோட ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா வாசிச்சுக் காட்டிடும், சொதப்பியிருந்தா மொத்த ரூமுக்கும் கேட்டுடும், இதை விட வேற என்ன பாடம் வேணும்?

நாலு ஆஸ்கர் வாங்கியிருக்கார். ஜிஜி, போர்கி அண்ட் பெஸ், இர்மா லா டூஸ், மை ஃபேர் லேடி. நாலுலயும் மூல மெட்டு அவரோடது இல்ல! மத்தவங்க பாட்ட எடுத்து படத்துக்கு ஏத்த மாதிரி வளைச்சு, ஆர்க்கெஸ்ட்ராவ உட்கார வச்சு வாசிக்க வைக்கிற வேலை. கேக்க சின்ன வேலையா தெரியும், ஆனா மை ஃபேர் லேடில என்ன நடந்துச்சுன்னு பாருங்க. படத்தோட ஹீரோ ரெக்ஸ் ஹாரிசன் முன்கூட்டியே ரெக்கார்ட் பண்ணின பாட்டுக்கு வாயசைக்க மாட்டேன்னுட்டார், பாதி பேசி பாதி பாடுற ஆளு, ஒவ்வொரு டேக்குக்கும் டைமிங் மாறுமாம். அதனால டைக்குள்ள ஒயர்லெஸ் மைக்க ஒளிச்சு வச்சு ஷூட்டிங்லயே அவர் குரல எடுத்துட்டாங்க. வழக்கமா பாட்டுக்கு நடிகர் வாயசைப்பார், இங்க மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் அந்த மனுஷன் எங்க இழுக்கிறார் எங்க முழுங்குறார்னு பாத்து பின்னாடியே ஓடணும், ஓட வச்சவர் ப்ரெவின். இதுல இன்னொரு விஷயம், படத்துக்கு எட்டு வருஷம் முன்னாடியே, 1956ல, இதே பாட்டுங்கள டிரம்மர் ஷெல்லி மேன், பேஸ் வாசிக்கிற லெராய் வினிகர், பியானோல இவர்னு மூணே பேரா உக்காந்து ஜாஸ் ஆல்பமா போட்டிருக்கார், செம ஹிட்டு.

நல்ல சம்பளம், ஆஸ்கர், எல்லாம் இருந்தும் அதை விட்டுட்டு ஆர்க்கெஸ்ட்ரா கண்டக்டரா போனார். ராணுவத்துல இருந்தப்பவே சான் ஃபிரான்சிஸ்கோல பியர் மோன்ட்டோங்கற கண்டக்டர் கிட்ட கத்துக்கிட்டது அப்பதான் கைகொடுத்துச்சு. ஹூஸ்டன், அப்புறம் 1968லேர்ந்து 1979 வரைக்கும் லண்டன் சிம்ஃபனி, நடுவுல பிட்ஸ்பர்க். இவருக்கு முன்னாடி ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினாஃபோட ரெண்டாவது சிம்ஃபனிய "ரொம்ப நீளம்"னு அங்கங்க வெட்டித்தான் பெரும்பாலும் வாசிப்பாங்க. இவர் 1973 ரெக்கார்டிங்ல ஒண்ணு விடாம வாசிக்க வச்சார், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அந்த மூணாவது பகுதில கிளாரினெட் தனியா வர்ற இடம், ப்ச், ஹெட்ஃபோன் போட்டு கேளுங்க.

சித்தார் கான்செர்ட்டோ வந்த அதே 1971ல கிறிஸ்துமஸுக்கு பிபிசில மோர்கம்ப் அண்ட் வைஸ் காமெடி ஷோ. எரிக் மோர்கம்ப், க்ரீக்ங்கற நார்வே இசையமைப்பாளரோட பியானோ கான்செர்ட்டோவ கண்டபடி வாசிக்கிறார், எல்லாம் தப்பு நோட்டுங்கறார் ப்ரெவின். எரிக் எந்திரிச்சு இவர் கோட்டப் புடிச்சு, எல்லாம் சரியான நோட்டுதான், வரிசைதான் கொஞ்சம் முன்னப்பின்னன்னு சொல்றார். ப்ரெவின் மூஞ்சில சிரிப்பே இல்ல, அதான் சிரிப்பே. காமெடி டைமிங்க எங்க கத்துக்கிட்டார்னு யோசிச்சா திரும்ப ரெக்ஸ் ஹாரிசன்தான் ஞாபகத்துக்கு வர்றார். அந்த ஷோல ப்ரெவின் பேர வேணும்னே ப்ரிவியூன்னு சொல்வாங்க, அப்புறம் வருஷக்கணக்கா லண்டன் டாக்சிக்காரங்களும் மிஸ்டர் ப்ரிவியூன்னே கூப்பிட்டிருக்காங்க.

சொந்தமா எழுதினதும் நிறைய இருக்கு, ஆனா முதல் ஆப்பரா (பாட்டாவே நடக்கிற நாடகம்) எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர் அரங்கேறினது 1998ல, வயசு 69. ரெனே ஃப்ளெமிங் பாடினாங்க. அப்புறம் வயலின் கலைஞர் ஆன்-சோஃபி முட்டருக்காக ஒரு வயலின் கான்செர்ட்டோ, அவங்களையே 2002ல கல்யாணமும் பண்ணிக்கிட்டார் (அஞ்சாவது கல்யாணம், அது தனிக்கதை). 2019 பிப்ரவரில 89 வயசுல நியூயார்க்ல போய்ட்டார்.

புதுசா கேக்கறவங்க சிம்ஃபனில ஆரம்பிக்காதீங்க, அந்த 1956 ஜாஸ் ஆல்பத்த மொதல்ல போடுங்க, அப்புறம் மை ஃபேர் லேடி படம். ஒரே பாட்டு ரெண்டு எடத்துலயும் எப்படி மாறுதுன்னு கேட்டுட்டு கமெண்ட்ல சொல்லுங்க.