அரைவட்டத் துளைக்குள் ஒரு கை

"அதுல வர்ற ஆள் யாரு சார், நம்ம ஊர்க்காரரா?"

கதை ஒன்று அச்சாகி வந்தால் கோவில்பட்டியில் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுவிடுவார். கரிசல் மண்ணில் கதை எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. கதைக்குள் தன்னைத் தேடுகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. தபால் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்துகொண்டு எழுதியவன் என்பதால் என் மேல் சந்தேகம் கொஞ்சம் கூடுதல். ஊர்க் கடிதமெல்லாம் இவன் கை வழியாகத்தானே போகிறது, பிரித்துப் படித்துவிட்டு எழுதுகிறான் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அப்போது அமலில் இருந்த 1898ஆம் வருடத்துத் தபால் சட்டப்படி அது ஜெயிலுக்குப் போகிற குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அப்படிப் படித்திருந்தால் ஒரு கதைகூட எழுதியிருக்க மாட்டேன். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

போஸ்ட் கார்டு இருக்கிறதே, அதைப் பிரிக்கவே வேண்டாம். ஐம்பது காசு கொடுத்து வாங்கி, ஊரே படிக்கட்டும் என்று திறந்து எழுதி அனுப்புகிற பொருள். தபால் பிரிக்கிற மேசையில் நின்ற நாட்களில், வேண்டாம் என்றாலும் கண்ணில் விழும். மகளுக்குச் சுகப்பிரசவம், கிணற்றில் தண்ணீர் இல்லை, மாட்டை விற்றாயிற்று, மச்சான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். ஆயிரக்கணக்கில் படித்திருப்பேன். ஒரு கார்டிலிருந்துகூட ஒரு ஆள் எழுந்து என்னோடு வீட்டுக்கு வந்ததில்லை. யார், எங்கே, என்ன, ஏன் எல்லாம் அதிலேயே இருக்கும். நான் செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

கவுண்டர் அப்படியில்லை. பழைய தபால் ஆபீஸ் கவுண்டரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பி வலை, அதன் அடியில் கை நுழைகிற அளவுக்கு அரைவட்டமாக ஒரு துளை. எங்கள் ஆபீசில் நாற்காலி தாழ்வு, மேசை உயரம், வலைமேல் வருடக்கணக்கான தூசி, போதாததற்கு 'இங்கே மணியார்டர் பெறப்படும்' என்ற தகரப் பலகை வேறு. குனிந்து எழுதிக்கொண்டிருப்பவனுக்கு எதிரே நிற்பவரின் முகம் தெரியாது. கைதான் தெரியும். கையும், மேலிருந்து வருகிற குரலும். 1984இல் வேலையில் சேர்ந்தவன், முதல் பத்து வருடத்தில் ஊரில் பாதிப் பேரைக் கையை வைத்தே அடையாளம் சொல்வேன். தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டுகிற பெண்களின் விரல் நுனியில் பசை காய்ந்திருக்கும். கடலைமிட்டாய்க் கடைக்காரர் நீட்டுகிற நோட்டு எப்போதும் லேசாக ஒட்டும். அதை எண்ணும்போது எனக்கு எரிச்சலாக வரும், நாக்கும் ஊறும்.

2003இல் ஒரு கை வந்தது.

வலது கை. கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் தோல் வெளுத்து, உரிந்து, சுருண்டு நின்றது. அந்தக் கை மூன்று நூறு ரூபாய்த் தாள்களையும் பூர்த்தி செய்த மணியார்டர் பாரம் ஒன்றையும் உள்ளே தள்ளியது. பாரத்தில் தொகை 285 ரூபாய். இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன் என்று கணக்குப் போட்டால் பதினைந்து. ஆக மொத்தம் முந்நூறு, சரியாக வந்தது. மிச்சம் கொடுக்கும் வேலைகூட இல்லை. முத்திரை குத்தப் போனபோதுதான் முகவரியைப் பார்த்தேன். பெறுபவர் ஒரு பெண். அவர் இருப்பது இதே ஊரில், அனுப்புகிறவரின் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி. இருவருக்கும் இனிஷியல் 'மு'. பாரத்தின் அடியில், கிழித்துப் பணம் வாங்குபவரிடம் கொடுக்கிற கூப்பனில், ஒரே வரி: 'மார்ச் மாதத்துக்கு.'

நடந்து போனால் ஐந்து நிமிடம். அதற்குப் பதினைந்து ரூபாய் கமிஷன்.

நாலு நாளில் அந்தப் பணம் திரும்பி வந்தது. அந்த பீட் பார்க்கிற போஸ்ட்மேன் அண்ணாச்சி, 'வாங்க மறுத்துவிட்டார்' என்று எழுதிய பாரத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "அந்தம்மா வாங்க மாட்டேன்னுட்டாக தம்பி. ஏன்னு கேட்டா..." என்று ஆரம்பித்தார். அவருக்கு எல்லாம் தெரியும். போஸ்ட்மேனுக்குத் தெரியாதது எது? நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "சொல்லாதீங்க அண்ணாச்சி." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். ஏன் நிறுத்தினேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. தபால்காரனுக்குரிய ரகசியக் காப்பு என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். திருட்டு மாங்காயைப் பாவாடையில் ஒளித்துக்கொண்ட சிறுமியைப் போல, எதையோ யாரும் பார்ப்பதற்குள் மறைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

அந்தக் கை மறுபடி வந்து 285 ரூபாயைக் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனது. கமிஷன் திரும்பக் கிடைக்காது. ஏப்ரலில் வந்தது, மறுபடியும் முந்நூறு, மறுபடியும் மறுப்பு. மே மாதமும் அப்படியே. மாதம் பதினைந்து ரூபாய் செலவழித்து ஒருவர் 'மாட்டேன்' என்ற சொல்லை வாங்கிப் போகிறார்.

இதுவரை நடந்தது ஆபீஸ் வேலை. ஆள் இன்னும் வரவில்லை. எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தைத்தான் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். விசித்திரமான ஒன்றைப் பார்த்தால் உடனே பாத்திரம் கிடைத்துவிட்டதாக நோட்டை எடுத்துவிடுவது. நானும் அப்படி எத்தனையோ நோட்டைக் கெடுத்திருக்கிறேன். பார்த்தது வெறும் விதைநெல். அது எப்போது முளைக்கும் என்று நம்மிடம் சொல்வதில்லை.

அவன் வந்தது ஒரு மாலை ஆறரை மணிக்கு. கணக்கு முடிக்கிற நேரம், ரொக்கத்தில் நாற்பது ரூபாய் குறைந்தது. குறைந்தால் கைக்காசு போட வேண்டும். நான்காவது முறையாக ரசீதுக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மனசில் எண்களைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்போது அந்தக் கை துளைக்கு வெளியே தெரிந்தது. வலைக்கு அப்பால் யாரும் இல்லை, கதவு சாத்தியாகிவிட்டது. கை பணத்தை நீட்டவில்லை. ஒரு தீப்பெட்டியின் மேல் லேபிளை நகத்தால் மெதுவாக உரித்துக்கொண்டிருந்தது. மேலிருந்து குரல் சொன்னது:

"அவ வாங்க மாட்டா. அதுக்காகத்தான் அனுப்புதேன்."

நான் யோசித்த வாக்கியம் அல்ல அது. எனக்கு அந்த அளவுக்குச் சாமர்த்தியம் கிடையாது. நாற்பது ரூபாயைக் கைக்காசாகப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். வீடு போய்ச் சேர்வதற்குள் அவனைப் பற்றி முக்கால்வாசி தெரிந்துவிட்டது. சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீசில் மருந்து முக்குகிற வேலை, ஒரு விபத்தில் வெந்த கை, அதற்குக் கிடைத்த பணத்தில் நடந்த தங்கை கல்யாணம், பிறகு ஏதோ ஒரு சொல், பேச்சு நின்றுபோன பதினோரு வருடம். முகம் மட்டும் தெரியவில்லை. கதை முடிகிறவரை தெரியவில்லை.

ஆர்தர் கோனன் டாயில் எடின்பரோவில் மருத்துவம் படித்தபோது ஜோசப் பெல் என்ற பேராசிரியரிடம் வெளிநோயாளிகளைக் கவனிக்கும் குமாஸ்தாவாக இருந்தார். பெல் நோயாளியைப் பார்த்த மாத்திரத்திலேயே, நீ பட்டாளத்திலிருந்து சமீபத்தில் விலகியவன், பார்படோஸ் தீவில் இருந்தவன் என்பாராம். உள்ளே வந்தவன் தொப்பியைக் கழற்றவில்லை, வந்திருப்பது யானைக்கால் நோய், அதை வைத்தே சொல்லிவிடுவார். 1887இல் ஷெர்லாக் ஹோம்ஸ் என்ற துப்பறிவாளன் அச்சில் வந்தது அந்த மனிதரின் சாயலில். குமாஸ்தா வேலையிலிருந்து பாத்திரம் வந்தது என்பதால் எனக்கு அதில் ஒரு சொந்தம் உண்டு. பேராசிரியராக இருந்துகொண்டு நாவல் எழுதிய ஆங்கிலேயர் டோல்கீன் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதல் சொந்தம். மாணவர்களின் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஒருவன் ஒரு பக்கத்தை எழுதாமல் காலியாக விட்டிருந்தான். தரையில் ஒரு வளைக்குள் ஹாபிட் ஒன்று வாழ்ந்தது என்று அதில் கிறுக்கினார். ஹாபிட் என்றால் என்ன என்று அப்போது அவருக்கே தெரியாது. பிறகு அதுவே அவர் நாவலின் நாயகன் ஆனது. விடைத்தாள் திருத்துவதும் ரொக்கம் சரிபார்ப்பதும் ஏறக்குறைய ஒரே ஜாதி வேலை. மேல்மனசு முழுக்கக் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்க, கொல்லைக் கதவு திறந்து கிடக்கிறது.

இதற்கு நேர்மாறான அனுபவமும் எனக்கு உண்டு. ஒன்பது வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்த ஒருவர். அவர் சிரிப்பு, கடன், மூத்த தாரத்துப் பிள்ளை, மூக்குப்பொடி, தினமும் மத்தியானம் மோர்ச்சாதத்துக்குத் தொட்டுக்கொள்கிற நார்த்தங்காய், எல்லாம் தெரியும். அவரைப் போல ஒரு 'கேரக்டர்' கிடைக்காது என்று ஆபீசே சொல்லும். மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். மூன்று தடவையும் பிரிவு உபசார விழாவில் வாசித்த பாராட்டுரை மாதிரிதான் வந்தது. அவரிடம் எனக்குத் தெரியாத இடமே இல்லை. நுழைவதற்குத் துளை வேண்டாமா?

ஜூன் மாதமும் வந்த அந்தக் கை, ஜூலையில் வரவில்லை. தங்கச்சி சமாதானமாகியிருக்க வேண்டும், இல்லை யாராவது ஒருவர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். என் கதையில் இரண்டாவதைத்தான் வைத்தேன். ஒரு சிற்றிதழில் வெளிவந்தது. பத்துப் பதினைந்து பேர் படித்தார்கள், இரண்டு பேர் கார்டு போட்டார்கள்.

அடுத்த வருடம் ஒரு நாள் என் சைக்கிள் பஞ்சர். வழக்கமான கடை பூட்டியிருந்ததால் இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய கட்டடத்தின் முகப்பில் இருந்த கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷனைக் கட்டைவிரலால் தடவியது அந்தக் கை. காய்ந்த சொல்யூஷன் வெளுத்து, உரிந்து, சுருண்டு நின்றது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார்.

"போஸ்டாபீஸ் சார்தானே? கம்பிக்குள்ளயே பாத்திருக்கேன்."

விசாரித்தேன். மறைக்க அவரிடம் ஒன்றுமில்லை. பணத்தை வாங்க மறுத்த பெண், கடை இருக்கிற கட்டடத்தின் சொந்தக்காரம்மா. பழைய வாடகை முந்நூறு. காலி செய்யச் சொல்லி வாடகையை வாங்க மறுத்துவிட்டார். வக்கீல் மணியார்டரில் அனுப்பச் சொன்னாராம். "கமிஷனக் கழிச்சுக்கிட்டுத்தான் அனுப்பணும்னு சட்டத்துலயே இருக்காம் சார். அவுகளும் வாங்கல. இப்ப கோர்ட்டுல கட்டுதேன்." இனிஷியல் ஒன்றாக இருந்தது தற்செயல். அந்த அம்மாவுக்கு அது கணவர் பெயரின் முதலெழுத்து. கல்யாணமான பெண்ணுக்கு இனிஷியல் கணவர் பெயரிலிருந்துதான் பெரும்பாலும் வரும் என்பது, தினமும் நூறு பாரம் பார்க்கிற குமாஸ்தாவுக்குத் தெரியாதா? முந்நூறுக்குள் கமிஷனும் அடங்கியதைப் பார்த்து ஏழை என்று முடிவுகட்டியவனும் நான்தான். அப்போது அமலில் இருந்த 1960ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் எட்டாவது பிரிவு அப்படித்தான் சொன்னது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பெல் மட்டும் என் நாற்காலியில் இருந்திருந்தால், கையைப் பார்த்ததும் 'பஞ்சர் கடை, வாடகைத் தகராறு' என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். அன்றைக்குப் போஸ்ட்மேன் அண்ணாச்சியின் வாயை மூடாமல் இருந்திருந்தாலும் அவ்வளவுதான்.

வெட்கமாக இருந்தது, உண்மைதான். ஆனால் அதைவிட விநோதமாக இன்னொன்று நடந்தது. அவர் பேசிக்கொண்டே ட்யூபை டயருக்குள் செருகியபோது, நான் அவரை என் ஆளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் ஆள் இப்படிச் சிரிக்க மாட்டான். இவ்வளவு சுலபமாக எல்லாவற்றையும் சொல்லிவிட மாட்டான். இவர் வேறு யாரோ. கையை மட்டும் அவனுக்கு இரவல் கொடுத்தவர்.

"எவ்வளவு?" என்றேன்.

"பத்து."

இருபது ரூபாய்த் தாளை நீட்டி, மிச்சம் இருக்கட்டும் என்றேன். எதற்கு என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கட்டைவிரலில் காய்ந்ததை உரித்துப் போட்டுவிட்டு, டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவி ஒரு பத்து ரூபாய் எடுத்தார்.

"கூலி பத்துதான் சார்."

நான் வேண்டாம் என்றேன். அவர் தாளைச் சைக்கிளின் கேரியரில் செருகிவிட்டு அடுத்த ட்யூபைத் தண்ணீரில் அமுக்கினார்.