மலை ஏரி ட்ரவுட்டுக்கு எந்த இரை?

உயரமான மலை ஏரிக்கு ட்ரவுட் மீன் பிடிக்கப் போகும்போது பெட்டி நிறைய போலி இரைகளைச் சுமக்க வேண்டாம். நான் முதலில் எடுப்பது 5 கிராம் உலோக ஸ்பூன்தான், அதாவது கரண்டி வடிவத் தகடாலான போலி இரை. கரையிலிருந்தே தூரமாக வீசலாம். விழுந்ததும் உடனே இழுக்காமல், மனசுக்குள் 5 வரை, அடுத்த வீச்சில் 10 வரை, பிறகு 15 வரை எண்ணி, ஒவ்வொரு முறையும் இன்னும் ஆழத்தில் இழுத்துப் பாருங்கள். எந்த எண்ணில் மீன் கடிக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஓடை வந்து சேரும் ஆழமில்லாத இடத்தில் சின்ன ஸ்பின்னர் (இழுக்கும்போது தகடு சுழலும் போலி இரை) போதும். நிறம்? வெயிலில் வெள்ளி, மேகமூட்டத்தில் செம்பு. ஆனாலும் என் அனுபவத்தில் நிறத்தைவிட ஆழம்தான் முக்கியம்.

அப்புறம், மீனைத் திரும்ப விடுவதாக இருந்தால் இரையில் உள்ள மூன்று முனைத் தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முனை முள் மாட்டுங்கள். அதன் எதிர்முள்ளையும் (நுனிக்கு அருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூர்) குறடால் நசுக்கிவிடுங்கள். அந்தக் குளிர்ந்த நீரில் மீன் வளரவே பல வருடம் ஆகும்.