ஞாயிற்றுக்கிழமையும் பந்தாட்டமும்

என் மகன் பேஸ்போல் விளையாடத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆறு ஆண்டுகளிலும் ஞாயிற்றுக்கிழமை நடந்த ஆட்டம் ஒன்றுக்குக்கூட நான் அவனை அனுப்பியதில்லை. வட்டுக்கோட்டையில் நான் வளர்ந்த வீட்டில் ஓய்வுநாளன்று துடுப்பைத் தொட அனுமதி கிடையாது. 1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமாரின் காலம் முதல் எங்கள் குடும்பத்தில் இருந்துவரும் ஒழுங்கு அது என்று அப்பா சொல்லுவார். 1997ஆம் ஆண்டு ரொறொன்ரோவில் வந்திறங்கிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, உறைபனியில் இரண்டு பேருந்துகள் மாறி, ஆங்கிலச் சபை ஒன்று பிற்பகலில் எம்மவருக்கு வாடகைக்கு விட்டிருந்த ஆலயத்துக்குப் போனேன். கதவைத் திறந்ததும் ஊரில் பாடிய அதே கீர்த்தனை கேட்டது. காலணியின் பனியைத் தட்டக்கூடத் தோன்றாமல் வாசலிலேயே நின்று அழுதேன். இரவுவேலையும் அகதி விண்ணப்பமும் குளிருமாகக் கழிந்த அந்த ஆண்டுகளில், வாரத்தில் ஒருநாள் நான் யார் என்று எனக்கு நினைவூட்டியது அந்தப் பிற்பகல் ஆராதனைதான். ஆகவே ஞாயிற்றுக்கிழமையை நான் ஒரு வேலியைப் போலக் காத்துவந்தேன்.

மகனுக்கு இவ்வாண்டு பதினான்கு வயது. கோடை விடுமுறையில் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகருக்குப் போய் ஒரு ஆட்டம் பார்க்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய நாயகனான பேஸ்போல் வீரர் றொபேர்ட்டோ கிளெமென்ரே ஆடிய நகரம் அது. சனிக்கிழமை மாலை ஆட்டமாக ஒன்றைத் தேடி நுழைவுச்சீட்டு வாங்கினேன். சனிக்கிழமை என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

விடியற்காலை புறப்பட்டு, ஃபோர்ட் ஈரியில் சமாதானப் பாலத்தைக் கடந்து, பஃபலோவிலிருந்து ஈரி ஏரியின் கரையோரமாக மேற்கே போய், பிறகு தெற்கே திரும்பினால் பிற்ஸ்பேர்க். 500 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரம். வீட்டில் நானும் அவனும் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதே இல்லை. வேலை நேரங்கள் அதற்கு இடம் கொடுத்ததில்லை. ஏரி கண்ணுக்குத் தெரியாமல் திராட்சைத் தோட்டங்கள் மட்டும் தெரிந்த ஓரிடத்தில், ஆயத்தம் செய்து வைத்திருந்த ஒரு கதையை அவனுக்குச் சொன்னேன். பேஸ்போல் குழுக்களை நடத்திய பிராஞ்ச் றிக்கி என்ற மெதடிஸ்த கிறிஸ்தவர் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடுவதில்லை என்று தாய்க்கு வாக்குக் கொடுத்து அதைக் காத்தவர். அவரே 1947இல் கறுப்பின வீரரான ஜக்கி றொபின்சனை அமெரிக்காவின் உயர்மட்டப் பேஸ்போல் போட்டிகளில் ஆடவைத்து, வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த வழக்கத்தை உடைத்தவர். பின்னாளில் அவர் பிற்ஸ்பேர்க் குழுவின் பொது முகாமையாளராக இருந்தபோதுதான், 1954இன் முடிவில், கிளெமென்ரே அந்தக் குழுவுக்கு வந்து சேர்ந்தார்.

மகன் கவனமாகக் கேட்டான். பிறகு, "அவர் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போகவில்லை அப்பா, ஆனால் அவருடைய குழு விளையாடியதுதானே?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. சிறிது நேரம் கழித்து அவனே தொடர்ந்தான்: "உங்களோடு கோயிலுக்கு வர எனக்கு மனமில்லாமல் இல்லை. அங்கே என்ன சொல்லுகிறார்கள் என்று பாதிக்கு மேல் எனக்கு விளங்குவதில்லை. விளங்காமல் இருக்கிற நேரத்தைத்தான் நீங்கள் கடவுளுக்குக் கொடுக்கச் சொல்லுகிறீர்கள்."

அவன் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. நல்ல தமிழில், சொற்களைத் தேடித் தேடிச் சொன்னான். அதனால்தான் அது எனக்கு ஆழமாகத் தைத்தது.

பிற்ஸ்பேர்க்கில் அலெகேனி ஆற்றின் மேலே மஞ்சள் நிறத்தில் ஒரு பாலம் இருக்கிறது. 1998ஆம் ஆண்டு முதல் அதற்குக் கிளெமென்ரேயின் பெயர். ஆட்ட நாட்களில் வாகனங்களை நிறுத்திவிடுவதால் குழந்தைகளும் முதியவர்களுமாக மக்கள் பாலம் முழுவதையும் நிறைத்துக்கொண்டு நடந்து மைதானத்துக்குப் போகிறார்கள். ஊரில் திருவிழாவுக்குப் போகும் கூட்டத்தின் நடை எனக்கு நினைவுக்கு வந்தது. பாலத்தின் மறுமுனையில் அவருடைய சிலை நிற்கிறது. உள்ளே வலப்பக்கக் களத்தின் மதில் 21 அடி உயரம். அவர் அணிந்த இலக்கமும் 21. ஆட்டத்தின் பெரும்பகுதி நேரம் மகன் அந்த மதிலையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மாலை எந்தக் குழு வென்றது என்பது எங்கள் இருவருக்கும் முக்கியமாக இருக்கவில்லை.

கிளெமென்ரே புவேர்ட்டோ றிக்கோவில் பிறந்தவர், ஸ்பானிய மொழி பேசியவர். பத்திரிகைகள் அவருடைய பெயரை 'பொப்' என்று சுருக்கியபோது தன் பெயர் றொபேர்ட்டோ என்று திருத்திக்கொண்டே இருந்தார். 1971இல் உலகத் தொடரை வென்ற அன்று, நாடே பார்த்துக்கொண்டிருந்த தொலைக்காட்சியில், ஆங்கிலத்தில் பேசுமுன்பு ஸ்பானிய மொழியில் தன் தாய் தந்தையரின் ஆசீர்வாதத்தைக் கேட்டார். இதை மகன் சொல்லி நான் அறிந்தபோது, சிலையின் முன்னால் இன்னும் சற்று நேரம் நின்றேன். மறு ஆண்டு மார்கழி (டிசெம்பர்) 23ஆம் திகதி நிக்கராகுவாவின் மனாகுவா நகரை நிலநடுக்கம் அழித்தது. அனுப்பிய நிவாரணப் பொருட்கள் மக்களைச் சென்று சேரவில்லை என்று கேள்விப்பட்டு, தானே கொண்டுபோய்க் கொடுப்பதற்காக, அளவுக்கு மீறிப் பாரமேற்றிய ஒரு பழைய விமானத்தில் மார்கழி 31ஆம் திகதி இரவு ஏறினார். விமானம் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே கடலில் விழுந்தது. அவருக்கு வயது 38. உடல் கிடைக்கவே இல்லை.

ஆட்டம் முடிந்து திரும்பிய இரவு, தங்குமிடத்தின் கட்டிலில் படுத்தபடி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த மகன் எழுந்து உட்கார்ந்தான். "அப்பா, 1972 மார்கழி 31 ஞாயிற்றுக்கிழமை" என்றான். மீண்டும் நாட்காட்டியைப் பார்த்து உறுதிசெய்தான். பிறகு கேட்டான்: "அந்த நாளில் அவர் விமானத்தில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தது பிழையா?"

ஆண்டின் கடைசி இரவு எங்கள் சபையில் நள்ளிரவு ஆராதனை நடக்கும். அந்த இரவில் ஆலயத்தில் இல்லாதவர்களின் பெயர்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். பிழையில்லை என்று மகனிடம் சொன்னேன். ஆனால் நெடுநேரம் உறக்கம் வரவில்லை. இத்தனை ஆண்டுகளாக நான் காத்தது கர்த்தருடைய நாளையா, வாசலில் நின்று அழுத அந்த இளைஞனின் ஊரையா என்று முதன்முறையாக என்னையே கேட்டேன். ஊரைக் காப்பது தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் ஊர் வேறு, கடவுள் வேறு. மகன் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது கடவுளைப் பற்றி.

காலையில் ஆலயம் தேடிப் போகாமல் அறையிலேயே லூக்கா பத்தாம் அதிகாரத்தை வாசித்தோம். நான் ஒரு வசனம் தமிழில், அவன் அதே வசனம் ஆங்கிலத்தில். கள்ளர் கையில் அகப்பட்டவனைச் சமாரியன் கண்ட இடத்தில் என்னை நிறுத்தினான். "மனதுருகி" என்றால் என்ன என்று கேட்டான். மெழுகுதிரி எரியும்போது மெழுகுக்கு என்ன நடக்கிறது என்று கேட்டேன். யோசித்தான். "ஆங்கிலத்தில் இரக்கம் என்று மட்டும்தான் இருக்கிறது. தமிழில் அது உடம்புக்குள் நடக்கிறது" என்றான். ஐம்பது ஆண்டுகளாகக் கேட்ட வசனத்தை அன்றுதான் நானும் கேட்டேன்.

திரும்பும் வழியில் ஈரி ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, இருவரும் கையுறை அணிந்து ஒரு மணி நேரம் பந்து எறிந்து பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமையில் நான் விளையாடியது வாழ்க்கையில் அதுவே முதல்முறை. எனக்குத் தோள் நொந்தது. அவன் மெதுவாக எறிந்தான்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு அவனுக்கு ஆட்டம் இருந்தது. நானும் போய்ப் பார்த்தேன். வீட்டுக்குப் போய் உடை மாற்ற நேரமில்லாமல், முழங்காலில் செம்மண் படிந்த அதே உடுப்போடு நேராக ஆராதனைக்கு வந்தான். கடைசி வாங்கில் இருந்தோம். முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். நான் வணக்கம் சொன்னேன். பாடம் வாசிக்கத் தொடங்கியதும் மகன் என் வேதாகமத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு சொல்லின் கீழ் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.