என் பெயரில் வந்து சேர்ந்த வால்வுகள்

ஒரு தொழில்முறை அமைப்பில் மூத்த உறுப்பினர் தகுதிக்கு விண்ணப்பித்திருந்தேன். விண்ணப்பத்தைச் சரிபார்க்க அவர்களே வெளியில் ஒரு நிறுவனத்திடம் பின்னணி அறிக்கை வாங்குவார்கள். அதன் நகல் எனக்கும் வந்தது. படித்தால் நான் பெரிய மேதை. தொலைத்தொடர்பில் நான்கு காப்புரிமைகள், அவை என்னுடையவைதான். ஆலைக் குழாய்களில் பொருத்தும் வால்வுகளில் இருபதுக்கும் மேல். மருந்து மூலக்கூறுகளில் இன்னும் கொஞ்சம். போதாக்குறைக்கு, ஒரு பொறியாளர் உரிமத்தின் மீது பதிவான கண்டிப்பு ஒன்று. வால்வைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதைத் திறக்கலாம், மூடலாம் என்பதுதான். ஆனால் அத்தனைக்கும் நேராக இருந்த பெயர் எழுத்துக்கு எழுத்து என் பெயர்.

“கூடுதலாகத்தானே இருக்கிறது, விட்டுவிடேன்” என்றார் நண்பர் ஒருவர். விட முடியாது. விவரங்கள் அனைத்தும் உண்மை என்று கீழே கையெழுத்துப் போடுவது நான். வால்வுகளை வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டால் கண்டிப்பையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

என்னுடைய நான்கை நிரூபிப்பது ஒரு மாலை நேர வேலை. நியமனக் கடிதம், கம்பெனிக்கு உரிமையை மாற்றிக்கொடுத்த ஒப்பந்தம், காப்புரிமையின் முதல் பக்கம், அவ்வளவுதான். மற்றவை என்னுடையவை அல்ல என்று எழுதி அனுப்பினேன். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குழுவின் செயலரிடமிருந்து மரியாதையான பதில் வந்தது: “அல்ல என்பதற்கான ஆவணங்களை இணைக்கவும்.” நான் செய்யாத ஒன்றை நான் செய்யவில்லை என்று எந்த அலுவலகம் சான்று தரும்? மொத்தச் சிக்கலும் இந்த ஒரு வரியில்தான் இருந்தது.

முதலில் அறிக்கை தயாரித்த நிறுவனத்தைக் கேட்டேன். பல இடங்களின் தகவலை ஒன்றுசேர்த்துக் காட்டும் இன்ன திரட்டுத் தளத்தில் எடுத்தது என்றார்கள். அந்தத் தளத்தைக் கேட்டால், காப்புரிமை அலுவலகத்தின் பொதுத் தரவிலிருந்து வருகிறது, எங்கள் கையில் எதுவும் இல்லை என்றார்கள். காப்புரிமை அலுவலகத்துக்கு எழுதினால், எங்கள் ஆவணத்தில் பிழையே இல்லையே என்றார்கள். எரிச்சலாக இருந்தாலும் அவர்கள் சொன்னது நியாயம். அமெரிக்க முறையில் வழங்கப்பட்ட காப்புரிமையில் எழுத்துப் பிழை இருந்தாலோ, கண்டுபிடிப்பாளரின் பெயர் விடுபட்டிருந்தாலோ திருத்தச் சான்றிதழ் வாங்கலாம். வால்வுக் காப்புரிமையில் அப்படி எந்தத் தவறும் இல்லை. அதைக் கண்டுபிடித்தவரின் சரியான பெயர் அச்சாகியிருக்கிறது. அது எனக்கும் பெயராக இருப்பதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

ஆக, ஆவணத்தில் தவறில்லை. ஆவணங்களைப் பெயரால் கோத்ததுதான் தவறு. காப்புரிமை உலகில் விண்ணப்பத்துக்கு எண் உண்டு, வழங்கிய காப்புரிமைக்கு எண் உண்டு, தொழில்நுட்ப வகைக்குக் குறியீடு உண்டு. கண்டுபிடித்த மனிதருக்கு மட்டும் எண் கிடையாது. பெயரும், வசிக்கும் ஊரும், நாடும்தான்.

சரி, எண் இருக்கும் இடத்திலிருந்து ஆரம்பிப்போம் என்று உட்கார்ந்தேன். காப்புரிமையின் முதல் பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு விவரத்துக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு இலக்க எண் ஒன்று நிற்கும். மொழி தெரியாத ஆவணத்தையும் படிக்க உதவும் உலகப் பொதுக் குறியீடு அது. 72 என்றால் கண்டுபிடிப்பாளர். பழைய அமெரிக்கக் காப்புரிமைகளில் அதே இடத்தில் 75 இருக்கும். 73 உரிமையாளர், 22 விண்ணப்பித்த நாள், 30 முன்னுரிமை விவரம் (முதன்முதலில் எங்கே, எப்போது விண்ணப்பித்தார்கள் என்பது), 51 வகைப்பாடு, 74 வழக்கறிஞர் அல்லது முகவர். ஒரு எக்செல் தாளில் இவற்றையெல்லாம் பத்திகளாகப் போட்டு, அறிக்கையில் இருந்த ஒவ்வொரு காப்புரிமையையும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளமான எஸ்பாஸ்நெட்டில் திறந்து நிரப்பினேன். சலிப்பான வேலை, ஆனால் இதைச் செய்யாமல் யாரிடம் பேசியும் பயனில்லை.

நிரப்ப நிரப்ப முதலில் எண்ணிக்கை சுருங்கியது. ஒரே கண்டுபிடிப்பை அமெரிக்காவில், ஐரோப்பாவில், பன்னாட்டு வழியில் என்று தனித்தனியே பதிவு செய்வார்கள். அவையெல்லாம் ஒரே குடும்பம். போதாதற்கு, அமெரிக்காவில் விண்ணப்பம் வெளியாகும்போது ஏ1 என்றும், பிறகு காப்புரிமை கிடைக்கும்போது பி2 என்றும் ஒரே விஷயம் இரண்டு முறை அச்சாகும். அறிக்கை எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணியிருந்தது. குடும்பம் குடும்பமாகச் சேர்த்ததும் இருபத்துச் சொச்சம் வால்வுகள் எட்டுக் கண்டுபிடிப்புகளாகிவிட்டன.

அடுத்து, உடன் கண்டுபிடிப்பாளர்களைப் பார்த்தேன். ஒரு ஆளை அடையாளம் காண அவர் பெயரைவிடக் கூட இருப்பவர்களின் பெயர்கள்தான் நம்பகமானவை என்பது என் அனுபவம். ஒரே பெயரில் இருவர் இருக்கலாம், அந்த இருவருக்கும் ஒரே மாதிரி மூன்று சகாக்கள் அமைவது அபூர்வம். வால்வுக்காரரின் காப்புரிமைகளில் அதே மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. 73-இல் ஒரே கம்பெனி, வகைப்பாடு வால்வுகளுக்கான எஃப்16கே. மருந்துக்காரருக்கு வேறு கூட்டம், சி07டி. எனக்கு எச்04எல். மூன்று பேர் அழகாகப் பிரிந்து நின்றார்கள்.

ஒன்றைத் தவிர. வால்வின் நிலையைக் கம்பியில்லாமல் தொலைவுக்கு அனுப்பும் கருவி ஒன்றுக்கு 2009-இல் விண்ணப்பித்திருந்தார்கள். அதன் வகைப்பாட்டில் எச்04கியூ 9 இருந்தது. தொலைவிலிருந்து அளப்பது, இயக்குவது சம்பந்தமான வகை, என் துறைக்குப் பக்கத்து வீடு. உடன் கண்டுபிடிப்பாளர் யாரும் இல்லை, ஒற்றைப் பெயர். உரிமையாளரும் முதல் பக்கத்தில் அச்சாகவில்லை. குழுவில் இருக்கும் எந்தத் தொலைத்தொடர்புக்காரரும் “இது உங்களுடையதுதானே” என்று நம்பிவிடுவார். வகைப்பாடு கண்டுபிடிப்பைத்தான் சொல்கிறது, ஆளைச் சொல்வதில்லை.

அதற்கு விண்ணப்பக் கோப்பைத்தான் திறக்க வேண்டியிருந்தது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் பேட்டன்ட் சென்டர் தளத்தில் விண்ணப்ப எண்ணைக் கொடுத்தால், வெளியான விண்ணப்பங்களின் கோப்பை யாரும் பார்க்கலாம். முன்பு பப்ளிக் பேர் என்ற தளத்தில் இருந்தது, 2022-இல் அதை மூடிவிட்டார்கள். கோப்புக்குள் கண்டுபிடிப்பாளரின் உறுதிமொழிப் படிவம் ஸ்கேன் செய்து கிடந்தது. அதில் முழுப்பெயர், வசிப்பிடம், குடியுரிமை, கீழே மையில் போட்ட கையெழுத்து. முதல் பக்கத்தில் இல்லாத நடுப்பெயர் அங்கே விரிவாக இருந்தது. கையெழுத்தின் கடைசி எழுத்தை அவர் கீழே நீளமாக இழுத்து விட்டிருந்தார். என் படிவங்களில் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு கையெழுத்தையும் பார்த்த யாரும் ஒரே ஆள் என்று சொல்ல மாட்டார்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு இணைத்தேன். குழுவினர் அதிக நேரம் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இடையில் பேட்டன்ட்ஸ்வியூவையும் பார்த்தேன். அமெரிக்கக் காப்புரிமைத் தரவை வைத்து, எந்தப் பெயர் எந்த ஆள் என்று கணினி நிரல் மூலம் பிரித்து, ஒவ்வொரு கண்டுபிடிப்பாளருக்கும் ஓர் அடையாளம் கொடுக்கும் திட்டம் அது. வால்வுக்காரரையும் மருந்துக்காரரையும் என்னிடமிருந்து சரியாகப் பிரித்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பிரித்திருந்தது: வேலையும் ஊரும் மாறியதால் என்னையே இரண்டு பேராக்கியிருந்தது. பிரிப்பதில் கண்டிப்பு காட்டினால் ஒருவர் இருவராவார், தளர்த்தினால் இருவர் ஒருவராவார். இயந்திரத்துக்கு இதில் தப்பிக்க வழியில்லை.

பெயரை வைத்து வந்த சண்டை புதிதும் அல்ல. இயந்திரத் துப்பாக்கி செய்த ஹிரம் மாக்ஸிமின் தம்பி, பிறந்தபோது ஐசக். பிற்பாடு ஹட்சன் என்று மாற்றிக்கொண்டார், வெடிமருந்துகளில் பெயர் வாங்கினார். புகையில்லா வெடிமருந்து விவகாரத்தில் ‘எச். மாக்ஸிம்’ என்றால் அண்ணனா தம்பியா என்று தகராறு வந்து இருவரும் பகையாளிகளானார்கள். ஹிரமின் மகன் ஹிரம் பெர்சி மாக்ஸிம் 1909-இல் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கினார். அவரும் எச். மாக்ஸிம்தான். ஐசக் என்றே இருந்திருந்தால் ஒரு தகராறாவது குறைந்திருக்கும்.

மருந்துக்காரரை எங்கு தேடியும் கிடைக்கவில்லை. நல்லவேளையாக அவர் மூத்தவர். அவருடைய காப்புரிமைகளில் பழையதன் முன்னுரிமைத் தேதி 1987. அப்போது நான் தொடக்கப்பள்ளியில். பிறப்புச் சான்றிதழ் ஒன்றே போதுமானதாக இருந்தது. மற்றவற்றிலும் அதே உடன் கண்டுபிடிப்பாளர்கள், அதே கம்பெனி என்று காட்டியதும் மொத்தமும் கழன்றுவிட்டது.

வால்வுக்காரரைப் பிடிக்க 74 உதவியது. கடைசியாக வந்த காப்புரிமையில் இருந்த வழக்கறிஞர் அலுவலகத்துக்கு, விஷயத்தைச் சொல்லி, இந்தக் கடிதத்தை அவரிடம் சேர்ப்பியுங்கள், முகவரி எனக்குத் தேவையில்லை என்று எழுதினேன். அவரே மின்னஞ்சலில் வந்தார். முதல் வரியே, “ஓ, அது நீங்கள்தானா?” என்னைத் தேடி வந்த கருத்தரங்க அழைப்புகள் சில அவருக்குப் போய்க்கொண்டிருந்தனவாம். தன் கண்டுபிடிப்புகளின் எண்களையெல்லாம் வரிசையாக எழுதி, இவை என்னுடையவை, இன்னாருடையவை அல்ல என்று கையெழுத்திட்ட கடிதம் அனுப்பினார். பதிலுக்கு என்னுடைய நான்கு எண்களுக்கும் அதே மாதிரி கடிதம் கேட்டார். கொடுத்தேன். அந்த உரிமக் கண்டிப்பு அவருடையதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, கேட்கவும் இல்லை.

கேட்கத் தேவையும் இருக்கவில்லை. உரிமப் பதிவேடுகளில் ஒவ்வொரு ஆளுக்கும் எண் உண்டு என்பதால் அந்த வேலை சுலபமாக முடிந்தது. கண்டிப்பு எந்த உரிம எண் மீது பதிவானதோ, அந்த எண்ணைக் குறிப்பிட்டு, என் பிறந்த தேதியையும் அடையாள ஆவணத்தையும் இணைத்து, இந்த உரிமம் எனக்கு வழங்கப்பட்டதா என்று மட்டும் உரிமம் வழங்கும் வாரியத்திடம் கேட்டேன். வைத்திருப்பவர் யார் என்று கேட்டால் தனியுரிமை என்று கதவைச் சாத்துவார்கள். எனக்கா என்று கேட்டால் இல்லை என்று சொல்வதில் அவர்களுக்குத் தயக்கமில்லை. இரண்டு வரிப் பதில், முத்திரையோடு வந்தது. குழு எதிர்பார்த்த ‘அல்ல’ அதுதான்.

எல்லாவற்றையும் சேர்த்து, மேலே ஒரே பக்கத்தில் அட்டவணை வைத்தேன்: எண், யாருடையது, எதனால் அப்படிச் சொல்கிறேன், எந்த இணைப்பில் ஆதாரம். விளக்கக் கடிதத்தில் என் மனக்குறை எதையும் எழுதவில்லை. குழு ஏற்றுக்கொண்டது. அறிக்கை நிறுவனமும் திருத்திய பிரதி அனுப்பியது.

அப்புறம் ஆர்கிட் எண் எடுத்தேன். ஆய்வாளர்களுக்காக 2012-இல் தொடங்கிய இலவச அடையாளம், பதினாறு இடங்கள், கடைசி இடத்தில் சரிபார்ப்புக்காக எக்ஸ் வரலாம். குடும்பப் பெயர் கட்டாயமில்லை என்பதால் ஒற்றைப் பெயர்க்காரர்கள் திண்டாட வேண்டாம். கட்டுரைகளோடு காப்புரிமைகளையும் அதில் சேர்க்கலாம். ஆனால் பெரும்பாலும் நாமே சேர்ப்பதுதான், அதனால் தனியாக நின்று ஆதாரமாகாது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் என் பக்கத்தில், புதியவற்றைத் தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்தி, என்னைக் கேட்டுச் சேர் என்று மாற்றிவிட்டேன். இதைச் செய்யாதவரை வாரம் ஒருமுறை குப்பை பெருக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரே உச்சரிப்பில் ஏராளமான சீனப் பெயர்கள் ஆங்கிலத்தில் ஒன்றாகிவிடுவதைப் பார்த்து, அமெரிக்க இயற்பியல் கழகத்தின் இதழ்கள் 2007-இலேயே ஆசிரியர் பெயரைச் சொந்த எழுத்திலும் அச்சிட அனுமதித்தன. காப்புரிமை அலுவலகங்களிடம் அந்த அளவுக்குக்கூட நான் எதிர்பார்க்கவில்லை. விண்ணப்பப் படிவத்தில் ஆர்கிட்டுக்கு ஒரு கட்டம் போட்டால் போதும்.

அந்தத் திரட்டுத் தளம் மட்டும் மாறவில்லை. வால்வுக்காரருக்குப் புதிதாக ஏதாவது கிடைத்தால் எனக்குத்தான் முதலில் வாழ்த்து வருகிறது. நான் அதை அவருக்கு அனுப்பிவைக்கிறேன். அவரும் எனக்கு வருவதை அனுப்புகிறார். போன மாதம் என் புதிய காப்புரிமை விண்ணப்பத்துக்கான தரவுப் படிவம் வழக்கறிஞரிடமிருந்து வந்தது. நடுப்பெயரைச் சுருக்கி ஒற்றை எழுத்தாகப் போட்டிருந்தார். விரித்து எழுதித் தாருங்கள், அதற்குப் பிறகுதான் கையெழுத்து என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.